பல்லுக் கட்டுறது சும்மா, பல்லு மட்டும் காசு

2023 ஜூலை கடைசி வாரம். பலெர்மோவைச் சுற்றி மலைகள் எரிந்துகொண்டிருந்தன. ஒரு நாள் விமான நிலையத்தைக்கூட மூடிவிட்டார்கள். கால்சாவில் நாங்கள் இருக்கும் பழைய கட்டிடத்தில் யன்னலைத் திறந்தால் புகை, மூடினால் வெக்கை. அப்படியொரு பின்னேரம் மேல்வீட்டு அன்ரி கைத்தொலைபேசியைப் பிடித்தபடி படியிறங்கி வந்தார்.

"தம்பி, இதென்ன மெசேஜ் எண்டு ஒருக்காப் பாரும். சொஸ்பேசா எண்டு கிடக்கு. நிப்பாட்டிப் போட்டாங்களோ?"

பார்த்தேன். நிப்பாட்டித்தான் விட்டார்கள். ரெடித்தோ தி சித்தாதினான்சா, அதாவது நாங்கள் சுருக்கமாக 'ரெடித்தோ' என்று சொல்லும் அரச உதவிப்பணம், அந்த ஒற்றைக் குறுஞ்செய்தியோடு முடிந்துபோனது.

நான் மென்பொருள் வேலை செய்பவன். அதனால் இந்தக் கட்டிடத்திலும் பக்கத்து ஒழுங்கைகளிலும் எனக்கு இன்னொரு உத்தியோகமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் 'ஸ்பிட்' எடுத்துக் கொடுப்பது, 'இசே' பத்திரம் இறக்கிக் கொடுப்பது, காஃப் கந்தோருக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது. அன்றைக்கும் வழமைபோல, "யோசிக்காதையுங்கோ அன்ரி, வேறை ஏதாவது வழி பாப்பம்" என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் குறுஞ்செய்தி அவருடைய முன்வாய்ப் பற்களைக் கொண்டுபோகும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஒரு பல்லின் கணக்கு

அன்ரி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. வந்த நாளிலிருந்து பதாந்தே வேலை, வயோதிபர்களைப் பராமரிப்பது. கடைசியாகப் பார்த்த சின்யோரா 2021-இல் இறந்துபோனார். வேலை போனது. வேலையிழந்தோர் கொடுப்பனவு சில மாதம் வந்து முடிந்தது. பிறகு ரெடித்தோ கிடைத்தது. தனி ஆளுக்கு உச்சத் தொகை மாதம் 500 யூரோ, வாடகை வீட்டுக்காரருக்கு அதற்கு மேல் 280 வரை. அந்த மஞ்சள் அட்டையில் மாதம் 100 யூரோதான் காசாக எடுக்கலாம். ஆனால் மருந்துக்கும் வைத்தியத்துக்கும் அட்டையைத் தேய்க்கலாம்.

ரெடித்தோவில் பல்லுக்கென்று தனிக் காசு இருக்கவில்லை. அதனால் "உதவிப்பணத்தை நிறுத்தினது வேறை, பல் வைத்தியம் வேறை" என்று யாரும் வாதாடலாம். ஆனால் அரசாங்கம் பல்லைப் பொதுச் சுகாதாரத்துக்கு வெளியே வைத்திருக்கும் நாட்டில், ஏழையின் பல் காப்புறுதி அவருடைய கையில் மாத முடிவில் மிஞ்சும் சில்லறைதான். அன்ரி அந்தச் சில்லறையில் ஒரு தனியார் பல் வைத்தியரிடம் தவணை முறையில் வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். முன்பக்கத்துப் பாலம் ஒன்றைத் தாங்கி நின்ற பல் அது. பாதி முடிந்திருந்தது. தற்காலிகமாக அடைத்து, "செப்டெம்பரில் வாருங்கள்" என்று அனுப்பியிருந்தார்கள்.

செப்டெம்பரில் காசு இல்லை. ஒக்ரோபரில் அடைப்புக் கழன்றது. நவம்பரில் ஒரு இரவு முகம் வீங்கி, காய்ச்சலோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நுண்ணுயிர்க்கொல்லியும் வலிநிவாரணியும் எழுதித் தந்தார்கள். அவசரப் பிரிவில் அவ்வளவுதான் செய்யலாம். பிறகு பல்லைக் கழற்ற வேண்டி வந்தது. பல் போக, அது தாங்கிய பாலமும் போனது. முன்னுக்கு நாலு பல் இல்லை.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அன்ரிக்குச் சொல் மட்டும் போகவில்லை. கோவிலுக்கு வருவதைக் குறைத்தார். சிரிக்கும்போது சேலைத் தலைப்பை வாயில் பொத்தினார். வேலைக்காக இரண்டு வீட்டுக்கு நேர்முகத்துக்குப் போய்வந்தார். இரண்டிலும் "சொல்லியனுப்புகிறோம்" என்றார்கள். மூன்றாவது வீட்டில் மகள்காரி நேரே கேட்டாராம், "உங்களுக்கு ஏதும் வருத்தமா?" என்று.

'வேலை செய்யக் கூடியவர்'

இங்கே கொஞ்சம் சட்டம் பார்ப்போம். 2019-இல் தொடங்கிய ரெடித்தோவை ஜோர்ஜா மெலோனி அரசு 2022 டிசெம்பரில் நிறைவேற்றிய வரவுசெலவுத் திட்டத்தால் முடிவுக்குக் கொண்டுவந்தது. வீட்டில் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையோ, 60 வயதானவரோ, மாற்றுத்திறனாளியோ இல்லாவிட்டால், அங்கே இருப்பவர்கள் 'ஒக்குபாபிலி', வேலை செய்யக் கூடியவர்கள். அவர்களுக்கு 2023-இல் ஏழு மாதம் மட்டும் கொடுத்தால் போதும் என்று வைத்தார்கள். ஜூலை இறுதியில் நாடு முழுக்க ஏறக்குறைய 1,69,000 குடும்பங்களுக்கு அந்தக் குறுஞ்செய்தி போனது. அதிகம் பேர் பாதிக்கப்பட்ட இடங்களில் நாப்போலியும் பலெர்மோவும் இருந்தன.

அதற்குப் பதிலாக இரண்டு வந்தன. ஒன்று, 2024 ஜனவரியிலிருந்து அசேஞ்ஞோ தி இன்க்ளுசியோனே. சிறுவர், முதியோர், மாற்றுத்திறனாளிகள் உள்ள வீடுகளுக்கானது. மற்றது, 2023 செப்டெம்பரிலிருந்து, பயிற்சி வகுப்புக்குப் போனால் தொடக்கத்தில் மாதம் 350 யூரோ, அதிகபட்சம் 12 மாதம் என்று இருந்தது.

அன்ரிக்கு அப்போது 57. அறுபதாகும் வரை சட்டத்தின் கண்ணில் அவர் வேலை செய்யக் கூடியவர். எனக்கு இதில் ஒரு தர்க்கப் பிழை தெரிகிறது. ஒருவரை "நீ வேலைக்குத் தகுதியானவர், போய்த் தேடு" என்று சொல்கிறது அரசு. கால்சாவில் இப்போது இருக்கிற வேலை என்ன? சுற்றுலா விடுதி, சாப்பாட்டுக்கடை, வீட்டுப் பராமரிப்பு. எல்லாம் ஆட்களின் முகம் பார்த்துச் செய்யும் வேலை. முன்பல் இல்லாத 57 வயதுப் பெண்ணை அதில் எதற்கு எடுப்பார்கள்? பயிற்சிக்குக் காசு கொடுக்கத் தயாரான அரசு, அந்த வேலைக்கு முதல் தேவையான பல்லைக் கொடுக்கத் தயாரில்லை.

துணி காசு, தையல் சும்மா

"ஏன், அரச கிளினிக் இருக்குதானே?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இத்தாலியின் தேசிய சுகாதார சேவை 1978-இல் சட்டமானது. எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் பல் அதில் ஒருநாளும் முழுதாக உள்ளே வரவில்லை. அரசு கட்டாயம் வழங்க வேண்டிய சேவைகளின் பட்டியல் 2001-இல் வந்தபோதும், 2017 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்டபோதும், பல் வைத்தியம் சில கூட்டத்தாருக்கு மட்டும் என்றே எழுதப்பட்டது. 14 வயது வரையுள்ள பிள்ளைகள். கடும் நோயால் பலவீனமானவர்கள். வறுமையாலும் ஒதுக்கப்பட்ட நிலையாலும் பலவீனமானவர்கள். மற்ற எல்லோருக்கும் பரிசோதனையும் அவசர சிகிச்சையும் மட்டும். அந்த மூன்றாவது கூட்டத்தில் யார் அடங்குவார் என்பதை ஒவ்வொரு பிராந்தியமும் வரையறுக்கலாம். ஆகவே மிலானோவில் ஒரு மாதிரி, சிசிலியில் இன்னொரு மாதிரி இருக்கலாம்.

அன்ரியின் இசே பத்திரத்தோடு ஒரு அரச கிளினிக்குக்குப் போனோம். திகதி எடுத்து, காத்திருந்து, கடைசியில் உள்ளே போனால், அந்த வைத்தியர் நல்ல மனிசர். வாயைப் பார்த்தார், மிச்சத்தைத் துப்புரவாக்கினார், கழற்றி மாட்டும் பல் கட்டலாம் என்றார். பிறகு கொஞ்சம் சங்கடத்தோடு ஒரு விஷயம் சொன்னார். அளவெடுப்பதும் பொருத்துவதும் சேவைக்குள் வரும். ஆனால் செய்துவரும் அந்தப் பல்லின் விலை வராது.

எனக்கு நம்பமுடியவில்லை. வீட்டுக்கு வந்து 2017 ஆணையின் பின்னிணைப்பைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். கழற்றி மாட்டும் பல் பொருத்துதல் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் செய்பொருள் நீங்கலாக என்று போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளின் பல் நேராக்கும் கம்பிக்கும் அதே கதைதான்.

அன்ரி என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: "சட்டை தைக்கிற கூலி சும்மாவாம், துணி நாங்கள் வாங்கிக் குடுக்க வேணுமாம். அம்மணமா நிக்கிறவளிட்டைத் துணி கேக்கிறாங்கள்."

31 சதத்தின் கதை

ரிக்கெட் விலக்குப் படிவம் நிரப்பும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. அரச வைத்தியசாலையில் நிபுணர்களுக்கும் பரிசோதனைகளுக்கும் நாங்கள் கட்டும் பங்குத்தொகைதான் ரிக்கெட். வேலை இழந்தவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு, ஈ 02 என்று குறியீடு. அதற்குக் குடும்ப வருமானம் வருடம் 8,263.31 யூரோவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். கணவன் மனைவி என்றால் 11,362.05. ஒவ்வொரு பிள்ளைக்கும் 516.46 கூட்டலாம்.

இது என்ன 31 சதம்? எந்த மனிதன் இப்படி ஒரு வரம்பு வைப்பான்? எங்கள் தொழிலில் பழைய நிரலுக்குள் விசித்திரமான எண் ஒன்று கிடந்தால், யாரோ எப்போதோ எழுதி மறந்துபோனது என்று அர்த்தம். பழைய லீரா மாற்று விகிதமான 1,936.27-ஆல் பெருக்கிப் பார்த்தேன். சரியாக 16 மில்லியன் லீரா! மற்றது 22 மில்லியன். பிள்ளைக்கு ஒரு மில்லியன். இந்த வரம்புகள் தொண்ணூறுகளில் லீராவில் எழுதப்பட்டவை. நாணயம் மாறியது, எண்ணை அப்படியே மாற்றி எழுதினார்கள், பிறகு யாரும் தொடவில்லை. முப்பது வருடமாக வாடகை ஏறியது, பாண் விலை ஏறியது, ஏழை என்பதன் வரைவிலக்கணம் மட்டும் ஏறவில்லை. மாதத்துக்குப் பிரித்தால் 689 யூரோ. தனி ஆள் ஒருவருக்கு மாதம் 700 யூரோ வந்தால் அவர் இந்தக் கணக்கில் ஏழை இல்லை.

வெட்டு என்றதும் நாங்கள் ஒரு அமைச்சர் கத்தரிக்கோலோடு நிற்பதைக் கற்பனை செய்கிறோம். ஒரு எண்ணை மாற்றாமல் விட்டாலும் அது வெட்டுத்தான். அதற்கு நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு வேண்டாம், குறுஞ்செய்தியும் வேண்டாம். வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வெளியே விழுந்துகொண்டே இருப்பார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இத்தாலிய அரசு பல்லுக்குக் காசு செலவழிக்காமல் இல்லை. எனக்குச் செலவழிக்கிறது. வைத்தியச் செலவில் 129.11 யூரோவுக்கு மேற்பட்ட தொகைக்கு 19 வீதம் வருமான வரியில் கழிக்கலாம். (இந்த 129.11-ஐயும் பெருக்கிப் பாருங்கள், இரண்டரை லட்சம் லீரா வரும்.) நான் ஒரு பல்லுக்கு 1,500 யூரோ செலவழித்தால் ஏறக்குறைய 260 யூரோ வரியில் குறைகிறது. அன்ரிக்கு? வரி கட்டுமளவு வருமானமே இல்லாதவருக்கு எதிலிருந்து கழிப்பது? ஒரு சதமும் இல்லை. சம்பளம் உள்ள என் பல்லுக்கு அரசு உதவுகிறது, சம்பளம் இல்லாத அவருடைய பல்லுக்கு உதவவில்லை. இதை யாரும் தீய எண்ணத்தோடு திட்டமிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விளைவு இதுதான்.

பல்லில்தான் முதலில் கை வைப்பார்கள்

இது இத்தாலியின் தனிக் கதை இல்லை. பிரித்தானியாவில் 1948-இல் எல்லாம் இலவசம் என்று தேசிய சுகாதார சேவை தொடங்கியது. மூன்றே வருடத்தில், 1951-இல், கொரியப் போர்ச் செலவு ஏற, நிதியமைச்சர் ஹியூ கெய்ற்ஸ்கெல் கட்டணம் கொண்டுவந்தார். எதற்கு? பொய்ப் பல்லுக்கும் கண்ணாடிக்கும். சேவையை உருவாக்கிய அனயூரின் பெவன் அதை எதிர்த்துப் பதவி விலகினார். பல்லில் விழுந்த ஓட்டை அதோடு மூடவேயில்லை.

கலிபோர்னியா மாநிலம் 2009-இல் வறியோருக்கான மருத்துவத் திட்டத்திலிருந்து வளர்ந்தவர்களின் பல் சிகிச்சையைப் பெரும்பாலும் நீக்கியது. பல்வலியோடு அவசரப் பிரிவுக்கு வருவோர் தொகை கூடியது. அங்கே கொடுப்பதும் அன்ரிக்குக் கொடுத்த அதே மாத்திரைகள்தான், செலவு மட்டும் பல மடங்கு. 2014-இல் ஒரு பகுதியையும் 2018-இல் மிச்சத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். கனடாவில் 2012-இல் அகதி விண்ணப்பதாரர்களின் மருந்து, கண், பல் உதவிகளில் கை வைத்தார்கள். 2014-இல் சமஷ்டி நீதிமன்றம் அந்த வெட்டுகளைக் கொடூரமானவை என்று கண்டித்தது. 2016-இல் முழுதாகத் திரும்பி வந்தது.

ஏன் எப்போதும் பல்? பல்வலியால் ஆட்கள் சாவதில்லை என்ற நினைப்பு. அதுவும் பிழை. 2007-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் சிகிச்சை கிடைக்காத சொத்தைப் பல்லின் கிருமி மூளைக்கு ஏறி இறந்துபோனான். ஒரு பல்லைப் பிடுங்கியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம்.

இலங்கையை நாங்கள் எவ்வளவோ குறை சொல்கிறோம். ஆனால் அரச ஆஸ்பத்திரியில் பல்லுப் புடுங்கக் காசு கேட்டதில்லை. பள்ளிக்கூடங்களுக்கென்று தனியாகப் பல் கிளினிக்குகள் இருந்தன. போருக்குள்ளும் என் சின்ன வயதுச் சொத்தைப் பல்லை அடைத்தது அப்படியொரு கிளினிக்தான். ஐரோப்பாவுக்கு வந்துதான் எங்கட ஆட்கள் பல்லுக்குப் பயப்படப் பழகினார்கள். ஊருக்குப் போகும்போது பல்லைக் கட்டிக்கொண்டு வருவோம் என்பது எங்களில் பாதிப் பேரின் பல் திட்டம். இத்தாலியர்களே அல்பேனியாவுக்குப் பறக்கிறார்கள். விமானச் சீட்டுக்கே வழியில்லாதவர்களைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

சிலர் சொல்வது

இதை எழுதப் போகிறேன் என்றதும் ஒரு அண்ணை சொன்னார்: "தம்பி, ரெடித்தோ எடுத்துக்கொண்டு நேரோவில வேலை செய்த ஆக்களும் இருந்தவைதானே." இருந்தார்கள். தமிழரிலும் இருந்தார்கள், சிசிலியரிலும் இருந்தார்கள். ஆனால் நேரோ வேலை யாருடைய விருப்பம் என்று பாருங்கள். 40 மணித்தியால வேலைக்கு 20 மணித்தியால ஒப்பந்தம் போடுவது பெரும்பாலும் வேலை கொடுப்பவர். பிறகு குறைந்த வருமானம் என்று அந்தத் தொழிலாளியைச் சந்தேகிப்பது அரசு. தப்புச் செய்தவரைப் பிடிக்க வழியுண்டு. அதற்காக ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் கதவை ஒரே நாளில் சாத்துவது தண்டனையின் அளவு தெரியாத செயல்.

இன்னொருவர் கேட்டார்: "வந்தேறியள் நாங்கள், இதெல்லாம் கேக்கலாமோ?" கேட்கலாம். கீழ்வீட்டு சிசிலிய மனிசிக்கும் அதே குறுஞ்செய்திதான் வந்தது, அவருக்கும் கடைவாயில் பல் இல்லை. அதைவிட, ரெடித்தோ எடுக்கப் பத்து வருட வதிவு வேண்டும் என்ற நிபந்தனை நீண்டகால வதிவுள்ள வெளிநாட்டவருக்கு எதிரான பாரபட்சம் என்று 2024 ஜூலை 29 அன்று ஐரோப்பிய நீதிமன்றமே தீர்ப்பளித்தது. கேட்டவர்கள் இருந்தபடியால் வந்த தீர்ப்பு அது.

செய்யக் கூடியவை

அரசிடம் கேட்க வேண்டியவை இரண்டு. லீராக் காலத்து வரம்புகளை இன்றைய விலைவாசிக்கு உயர்த்துவது. வறியவர்களுக்காவது, பொருத்தும் கூலியோடு பல்லையும் சேர்ப்பது. இரண்டும் புதுத் திட்டமில்லை, இருக்கிற ஆணையில் சில சொல்லையும் சில எண்ணையும் திருத்தும் வேலை.

அதுவரை நாங்கள் செய்யக் கூடியவையும் உண்டு. வாய்ப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை வருமானம் பாராமல் எல்லோருக்கும் சேவைக்குள் இருக்கிறது. வெற்றிலை பாக்குப் போடுகிற அப்பா, அப்பம்மா வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். பாக்கைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தி இருபது வருடமாகிறது. 14 வயதுக்குள் பிள்ளை இருந்தால் அந்த வயது போகுமுன் பல்லைக் காட்டுங்கள். வீட்டு வேலை செய்பவர்கள், வேலை கொடுப்பவர் காலாண்டுப் பணம் கட்டும்போது எஃப் 2 குறியீட்டில் கஸ்ஸாகொல்ஃப் நிதிக்கும் கட்டுகிறாரா என்று பார்த்து, அந்த நிதி என்னென்ன திருப்பித் தரும் என்று பத்ரோனாத்தோவில் கேளுங்கள். எமெர்ஜென்சி அமைப்பு 2006-இல் பலெர்மோவில் இலவச வைத்திய நிலையம் திறந்தபோது பல் சிகிச்சையையும் சேர்த்தது. தேவை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எங்கட சங்கங்களும் கோவில்களும் விழா மேடைக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கினால் என்ன?

அன்ரியின் பல் கடைசியில் எப்படி வந்தது தெரியுமா? சீட்டில் வந்தது. பன்னிரண்டு பேர் போடும் மாதச் சீட்டு. அவருடைய முறை வர இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அந்த மாதம் எடுக்க வேண்டியவர், தானும் பதாந்தே வேலை செய்பவர், "நீங்கள் எடுங்கோ அக்கா, எனக்கு அவசரமில்லை" என்று விட்டுக்கொடுத்தார். வசதி இல்லாத ஒருவருக்கு வசதி இல்லாத இன்னொருவர் பல் வாங்கிக் கொடுத்தார். பெருமைப்படலாம். ஆனால் சீட்டில் இல்லாதவர் என்ன செய்வார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

பல் கட்டி ஆறு கிழமையில் அன்ரிக்கு வேலை கிடைத்தது. இப்போது ஒப்பந்தத்தோடு ஒரு சின்யோராவைப் பார்க்கிறார். விடுமுறை ஞாயிறுகளில் மொந்தே பெல்லெக்ரினோ மலையேறி சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டுவிட்டு வருகிறார். வழியில் ஆட்களைக் கண்டால் நின்று கதைக்கிறார், சேலைத் தலைப்பை வாய்க்குக் கொண்டுபோவதில்லை.

இங்கே பிறந்து வளர்ந்த தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். எங்கட அம்மாமார் பல்வலியைச் சொல்லமாட்டார்கள். பிள்ளைக்கு இதைக் கேட்டால் செலவு என்று அடக்கிக்கொண்டு, உப்புத் தண்ணி கொப்பளித்து, கராம்பு வைத்துச் சமாளிப்பார்கள். "பல்லு நோகுதோ?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். அப்படிக் கேட்காதீர்கள். சாப்பிடும்போது பக்கத்தில் இருந்து, "எந்தப் பக்கத்தால சப்பிறீங்கள்?" என்று கேளுங்கள். ஒரு பக்கம் என்று பதில் வந்தால், அடுத்த கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள்.